டேங்க் கழுவுற இடம்

சுத்தக்காரி என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளோடு களை எடுத்த பெண்கள். இருபது பேர் வரிசையாகக் குனிந்து போனால், பத்தொன்பது பேர் களையைப் பிடுங்கி அங்கேயே வீசிவிட்டு முன்னே போவார்கள். இவள் மட்டும் வேரில் ஒட்டிய மண்ணை உதறி, களையை வரப்பில் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வருவாள். சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது வாய்க்காலில் உட்கார்ந்து களைக்கொத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். "அடியே, அதுக்கு நாளைக்குக் கல்யாணமா?" என்று கேலி செய்வார்கள். செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ஒரு பொருளை அழுக்கோடு மூலையில் சாய்த்து வைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த இருபது பேர் வயிற்றிலும் அடித்தது அவள் வீட்டுக்காரர்தான். வேண்டுமென்று செய்ததில்லை. கல்யாணமான புதிதில் முதுகில் மாட்டிக்கொள்ளும் மருந்து டேங்க் ஒன்றை வாங்கினார். களைக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து அடித்தார். இருபது பேர் மூன்று நாள் குனிந்து எடுக்கும் களையை அவர் ஒருவர் மத்தியானத்துக்குள் கருக வைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். அன்றிலிருந்து அவர் மருந்துக்காரர். சுற்றி உள்ள நிலமெல்லாம் அவரைத்தான் கூப்பிட்டார்கள். களைக்கொத்து பிடித்த பெண்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். எதிரே பார்த்தால் பழகியபடி சிரித்துப் பேசுவார்கள், ஆனால் வீட்டுக்குள் வந்து உட்காரமாட்டார்கள். இவளுக்கு அது பதினெட்டு வருஷமாக உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர்களுடைய சொந்த நிலம் இரண்டு ஏக்கர், வீட்டை ஒட்டியே. பதினெட்டு வருஷமும் மக்காச்சோளம், பதினெட்டு வருஷமும் அதே மருந்து. சோளத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொல்லும் மருந்து அது. அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. பிறகு சோளக் குருத்தில் புழு விழுந்தது. ஒரு வருஷம் என்றால் பரவாயில்லை, மூன்று வருஷம் வரிசையாக விழுந்தது. இனி சோளமே வேண்டாம், அவரைக்காய் போடலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள்.

அவரை முளைத்தது. முளைக்காமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். முளைத்து, மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, இரண்டு இலை விரித்து, ஒரு வாரம் ஆளை நம்ப வைத்துவிட்டு, இலையின் ஓரம் மஞ்சளாகி, பிறகு தீய்ந்துபோய்ப் படுத்துக்கொண்டது. விதை சரியில்லை என்று வேறு விதை வாங்கிவந்தார் மருந்துக்காரர். அதுவும் படுத்தது. எருவில்தான் குறை என்று வண்டி வண்டியாக எரு அடித்தார். மூன்றாவது தடவையும் படுத்தது. ஒவ்வொரு தடவையும், "இந்த வாட்டி பாரு, எப்படி வருதுன்னு" என்று சின்னப் பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டு வருவார். மூன்றாவது தடவை அவள் வெடித்துவிட்டாள்.

"போதுங்க. இனிமே ஆசை காட்டுற கதையை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. என்னால தாங்க முடியல."

"ஆசையா? நான் என்ன..."

"நடக்கட்டும். நடந்ததுக்கு அப்புறம் சொல்லுங்க. அது வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

அவர் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பின்னால் அவள் எத்தனை தடவை நினைத்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

சூளைக்காரர் வர ஆரம்பித்தது அப்போதுதான். நிலத்துக்குக் கிழக்கே அவருடைய செங்கல் சூளை. மருந்துக்காரரின் தம்பி, அதாவது இவளுடைய கொழுந்தன், அங்கே டிராக்டர் ஓட்டுகிறான். மேல்மண் மூன்றடி ஆழத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றார் சூளைக்காரர். கேட்பதற்கு நல்லவர் பேச்சாகத்தான் இருந்தது. மூன்றடி மேல்மண் போன நிலம் பள்ளம்தானே தவிர நிலமா? மழைக்குத் தண்ணீர் தேங்கும், வெயிலுக்கு வெடிக்கும், அவ்வளவுதான். "இந்தப் போகம் பாக்குறேன். இதுலயும் ஒண்ணும் வரலைன்னா எடுத்துக்கங்க" என்று மருந்துக்காரர் சொல்லி அனுப்பினார். அந்தப் போகத்துக்கு விதைக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

பொழுது விடிந்தால் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது அவள் வேலை. விரல் நுனியில் அவருக்கு உணர்ச்சி செத்துப் பல நாளாகிவிட்டது. தோல் வெடித்து, எந்தத் தைலம் தடவினாலும் ஆறவில்லை. பொத்தான் போடும்போது கழுத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில்தான் இரண்டு பேரும் ஏதாவது பேசிக்கொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை அப்படித்தான் சொன்னார். "வியாழக்கிழமை மண்ணு மேடம் வராங்க."

மண்ணு மேடம் என்பது ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருகிற பெண். சின்ன வயசு, ஸ்கூட்டரில் வருவாள். பை நிறையப் பிளாஸ்டிக் கவர்களும் ஒரு கரண்டியும் வைத்திருப்பாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்து நிலத்தில் அங்கங்கே மண் எடுத்துக்கொண்டு போனாள். அவள்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னது. அடித்த மருந்து மண்ணிலேயே தங்கிவிட்டது, அதுதான் அவரையைக் கொல்கிறது, நல்ல மழை பெய்தால் மூன்று நான்கு வருஷத்தில் தானாகப் போகும் என்றாள். மழையும் இல்லை, மூன்று நான்கு வருஷம் காத்திருக்க அவர்களுக்கு வழியும் இல்லை.

"மறுபடியும் எதுக்கு வராங்க?"

"பாக்கத்தான்."

"எதை?"

"மோட்டார் ரூம் பின்னாடி. நான் டேங்க் கழுவுற இடத்தைப் பாக்கணுமாம்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்ல ஏதோ வாய் வரைக்கும் வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் ஒரு வெளிச்சமும் இருந்தது. அவள் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போன பிறகு அவள் அந்தச் செய்தியைத் திருப்பித் திருப்பி யோசித்தாள். போன மாதம் இன்னொரு மருந்து அடிக்கிற ஆள் டேங்க் கழுவிய தண்ணீரைக் கிணற்றோரம் ஊற்றினார் என்று அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டு போனது அவளுக்குத் தெரியும். டேங்க் கழுவுகிற இடத்தை ஒரு படித்த பெண் எதற்குப் பார்க்க வேண்டும்? குற்றம் கண்டுபிடிக்கத்தான். அப்படியே இல்லாவிட்டாலும், அந்த இடத்தை ஒரு வெளி ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதா? அவள் உயிரோடு இருக்கும்போதா?

அந்த இடமும் லேசுப்பட்ட இடமில்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் பாறை. பாறைக்கு மேல் ஒரு சாண் மண், ஒரு கட்டில் போடும் அகலம். பதினெட்டு வருஷமாக மருந்துத் தண்ணீர் விழுந்து விழுந்து மண் கறுத்து, எண்ணெய் பிசுக்கோடு கிடந்தது. பக்கத்தில் போனால் தொண்டை கமறும். புல்கூட முளைக்காது. அங்கே கழுவச் சொன்னதும் இவள்தான். டேங்க் வாங்கிய முதல் வாரமே, "இந்த எழவை வீட்டுப் பக்கம் கொண்டு வராதீங்க. கண்ட இடத்துலயும் ஊத்தாதீங்க. மோட்டார் ரூம் பின்னாடி ஒரே இடமா வச்சுக் கழுவிட்டு வாங்க" என்று சட்டம் போட்டாள். மனிதர் ஒரு நாள்கூட மீறியதில்லை. எவ்வளவு தூரத்தில் வேலை என்றாலும் டேங்கைச் சுமந்து வந்து அங்கேதான் கழுவுவார். மற்ற மருந்து அடிக்கிற ஆட்கள் சிரிப்பார்கள்.

புதன்கிழமை அவர் விடியற்காலையிலேயே வெளி வேலைக்குப் போய்விட்டார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனாள். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெட்டினாள். மேல் மண் கேக் மாதிரி கட்டிகட்டியாகப் பெயர்ந்தது. அடி மண் பாறையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துச் சுரண்டினாள். கூடை கூடையாக அள்ளிப் பாதையோரம் குவித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

கொழுந்தன் காலி டிராக்டரோடு அந்த வழியாகத் திரும்பி வந்தான்.

"என்ன அண்ணி, புதையல் எடுக்குறீங்களா?"

"வாயாடாத. இதை ஏத்திட்டுப் போய் எங்கயாவது தூரமா கொட்டு."

அவன் குவியலைக் காலால் கிளறிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "நாத்தம் குடலைப் புடுங்குது. இது செங்கல்லு அறுக்க ஆகாதே."

"கல்லு அறுக்க யாரு சொன்னா? கொட்டுன்னுதான் சொன்னேன்."

"சரி, விடுங்க. இன்னிக்குச் சூளை மூட்டுறாங்க. அடுப்பு வாயைச் சுத்திப் பூச மண்ணு வேணும்னு கத்திக்கிட்டு இருக்காங்க. அதுக்கு எந்த மண்ணா இருந்தா என்ன?"

"மகராசனா எடுத்துட்டுப் போ."

அவன் போன பிறகு பாறையைக் கவனித்தாள். ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, தேங்காய் நாரால் தேய்த்து, மோட்டாரைப் போட்டுவிட்டு ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவினாள். பாறை இடுக்கில் விரலை விட்டுத் தோண்டிக் கழுவினாள். பிறகு மண்வெட்டி, கூடை, அவருடைய பழைய பூட்ஸ், அங்கே கிடந்த ஓட்டை வாளி, எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தபோது பாறை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதில் இலை போட்டுச் சாப்பிடலாம். இடுப்பு ஒடிந்துபோனாலும் அவளுக்கு அப்படி ஒரு நிறைவு.

மருந்துக்காரருக்கு அன்று வேலை முடியவில்லை. டேங்கை அங்கேயே வைத்துவிட்டு, களைத்துப்போய் நேரே வீட்டுக்கு வந்தார். காலையில் அவர் பார்க்கட்டும், ஆச்சரியப்படட்டும் என்று அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவர் வெளுத்த சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மண்ணு மேடம் பத்து மணிக்கு வந்தாள். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு ஐஸ் பெட்டி. டீயைக்கூட நின்றுகொண்டே குடித்தாள்.

"அக்கா, அண்ணா உங்ககிட்ட சொன்னாரா இல்லையா?"

"என்ன மேடம்?"

அவர் பக்கத்தில் நின்று சிரித்தார். "இப்பச் சொல்லுங்க மேடம். இப்பச் சொல்லலாம்."

அந்தப் பெண் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வரிசையாக ஐந்து காகிதக் கப், ஐந்திலும் மண். நான்கு கப்பில் அவரைச் செடி தீய்ந்து தொங்கியது. ஐந்தாவதில் நிமிர்ந்து நின்றது. எட்டு இலை. நல்ல பச்சை.

"இந்த அஞ்சும் உங்க நிலத்து மண்ணுதான். இந்த ஒண்ணுல மட்டும் அண்ணா டேங்க் கழுவுற இடத்து மண்ணு ஒரு கரண்டி கலந்தேன். அதுல ஒரு பாக்டீரியா இருக்குக்கா. கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது அந்த மருந்தையே சாப்பாடா சாப்பிட்டுத் தீர்த்துடுது. எடுத்து வளர்த்து, ட்ரம்ல பெருக்கி, நிலத்துல தெளிக்கலாம். கண்டிப்பா வரும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இந்தச் செடியைப் பாருங்க."

அவள் அந்தச் செடியைப் பார்த்தாள். பார்த்த கணம் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அந்த மண்ணு உங்ககிட்ட இருக்கா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. போன தடவை அங்க ஒரு கவர்தான் எடுத்துட்டுப் போயிருந்தேன். மருந்து எவ்வளவு மிச்சம்னு அளக்கணும்னா மண்ணைக் கரைசல்ல போட்டுக் காய்ச்சணும். கப்பு மண்ணு எல்லாம் அதுல போயிடுச்சு. அந்தக் கிருமியைக் கொஞ்சம் தட்டுல வளர்த்தேன், ரெண்டு நாள் கரண்ட் இல்லாம பூஞ்சை பிடிச்சிடுச்சு. அதான் ஐஸ் பெட்டியோட வந்திருக்கேன். வாங்கண்ணா."

அவர்கள் இரண்டு பேரும் முன்னால் போனார்கள். அவள் டம்ளரோடு வாசலிலேயே நின்றாள். மோட்டார் ரூமைச் சுற்றி அவர்கள் மறைந்தார்கள். சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமை தாங்காமல்தான் அவள் ஓடினாள்.

மேடம் வெள்ளைப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, இந்த இடம்தானே?"

அவர் பாறையைப் பார்த்தார். கவிழ்த்து வைத்த கூடையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நேத்து நான்தான்," என்றாள் அவள். "நீங்க வரீங்கன்னு. அசிங்கமா இருந்துச்சு மேடம்."

மேடம் உடனே குனிந்து இடுக்குகளில் கரண்டியை விட்டாள். ப்ளீச்சிங் வாடை அடித்தது. நிமிர்ந்து கேட்டாள். "மண்வெட்டியில ஒட்டினது இருக்குமே?"

"கழுவிட்டேன்."

"அண்ணாவோட பூட்ஸ்? அடியில ஒட்டியிருக்குமே?"

"அதையும் கழுவிட்டேன்."

"கூடை?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"வேற மருந்து அடிக்கிறவங்க இடத்துல இருக்காதா மேடம்?" என்று மருந்துக்காரர் கேட்டார்.

"பன்னெண்டு இடத்துல எடுத்துப் பாத்துட்டேண்ணா. எங்கயும் இல்ல. அவங்க இன்னிக்கு வாய்க்கால், நாளைக்கு ரோட்டோரம்னு கழுவுறாங்க. நீங்க மட்டும்தான் பதினெட்டு வருஷம் ஒரே இடத்துல ஊத்தியிருக்கீங்க. தினமும் அதே தீனி போட்டதாலதான் அது அங்க வளர்ந்திருக்கு."

அவர் அந்தப் பாறையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெளுத்த சட்டை ஈரமானது.

மண் எங்கே போனது என்று கேட்டதும் அவள் சொன்னாள். மேடம் ஸ்கூட்டரைக் கிளப்ப, அவள் பின்னால் தொற்றிக்கொண்டாள். ஸ்கூட்டரில் ஏறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சூளையில் கொழுந்தன் அவளைப் பார்த்ததும், "என்ன அண்ணி, மண்ணைத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?" என்று சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

அடுப்பு வாய்கள் ஆறும் நேற்று சாயங்காலத்திலிருந்து எரிந்துகொண்டிருந்தன. மண் பூசும் பெண்கள் மூன்று பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அவளோடு களை எடுத்தவள்.

"அந்தக் கறுப்பு மண்ணா? அதை முழுசும் பூசியாச்சே. பத்தாம வேற மண்ணும் சேத்தோம்," என்றாள் அவள். "நாத்தம் புடிச்ச மண்ணு. எதுக்குத் தேடுற?"

அடுப்பு வாயைச் சுற்றி அந்த மண்ணைச் சுத்தக்காரி நிறத்தை வைத்தே கண்டுபிடித்தாள். கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாகி வெடித்திருந்தது. கையை வைத்தாள். சுட்டது. வைத்த கையை எடுக்காமல் நகத்தால் சுரண்டினாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. "அக்கா, கையை எடுங்க. அக்கா!" என்று மேடம் பிடித்து இழுத்தாள். அந்தப் பழைய தோழிதான் ஓடி வந்து தண்ணீர் ஊற்றினாள். ஒன்றும் புரியாமலேயே, "விடுடி, மண்ணுதானே, விடுடி" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் கை இவள்மேல் பட்டது அன்றைக்குத்தான்.

மேடம் அந்தப் பொடியை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். வைத்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து போன் வந்தது. மருந்துக்காரர் போனை அவளிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

"ஒண்ணும் வளரலக்கா. நாலு வாட்டி போட்டுப் பாத்துட்டேன். பாறையில எடுத்ததுலயும் இல்ல."

"வேற எங்கயாவது தேடுவீங்களா மேடம்?"

"எனக்கு இந்த மாசத்தோட வேலை முடியுதுக்கா. அடுத்து யாரு வருவாங்க, வருவாங்களான்னே தெரியல." பிறகு அவளே சொன்னாள். "உங்க மேல தப்பில்ல. முதல் தடவையே நான் இன்னும் ரெண்டு கவர் எடுத்து வச்சிருக்கணும்."

"ஆமா மேடம். எடுத்து வச்சிருக்கணும்," என்றாள். சொன்னதும் நெஞ்சு லேசானது போல இருந்தது. அடுத்த நிமிஷமே அந்தச் சின்னப் பெண்மேல் பழியைத் தள்ளியதற்கு வெட்கமாகிவிட்டது. "நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வீட்டில் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். காலையில் கழுத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். கட்டுப் போட்ட விரல்களால் அவள் பொத்தானைத் தடவித் தடவிப் போடும்வரை பொறுமையாக நின்றார். ஒரு நாள் அவளால் முடியவில்லை.

"ஏதாவது திட்டுங்களேன்."

"என்னத்தைத் திட்ட?"

"அடிச்சாலும் பரவாயில்ல."

"பைத்தியமா உனக்கு? நானும்தான் சொல்லாம இருந்தேன்."

"நான்தானே சொல்லாதீங்கன்னேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வேறு யாருடைய நிலத்துக்கோ மருந்து அடிக்கப் போனார்.

அந்தப் போகத்துக்கு அவர்கள் விதைக்கவே இல்லை. மாதக் கடைசியில் மண் அள்ளும் இயந்திரம் வந்தது. வடக்கு மூலையில் ஆரம்பித்து, மூன்றடி ஆழத்துக்கு, சோற்றை வழித்து எடுப்பது மாதிரி எடுத்தது. கொழுந்தன் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனான். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினான். இரண்டு பேரும் வரப்போரம் நின்றார்கள். போகவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

சூளைக்காரர் இறங்கி வந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! ஒரு புல்லு வேர்கூட இல்லையே. வேர் இருந்தாத்தான் வேகும்போது கல்லு வெடிக்கும். முப்பது வருஷமா மண்ணு வாங்குறேன், இப்படி ஒரு மண்ணைப் பாத்ததில்ல. எப்படிம்மா இவ்வளவு சுத்தமா வச்சிருந்தீங்க?"

அவர் மனசாரக் கேட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அவ எதையும் அழுக்கா விடமாட்டா," என்றார் மருந்துக்காரர்.

அந்த விஷயத்தைப் பற்றி அவர் தானாகச் சொன்னது அது ஒன்றுதான். குத்திச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லோடு நிறைந்துவிட்டது, வழிவிடச் சொல்லி கொழுந்தன் ஹாரன் அடித்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கினார்கள்.